அப்பா பாமூனின் கடைசிக் கவளம்

எகிப்தில், பேரரசர் டயோக்ளீசியன் பெயரால் எண்ணும் ஆண்டு நூற்று நாற்பத்தேழு, வருடத்தின் முதல் மாதமான தூத்தின் தொடக்கத்தில், நைல் வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது, தமோனே ஊருக்கு மேற்கே சுண்ணாம்பு மலையடிவாரத்தில் தவமிருந்த அப்பா பாமூன் காய்ச்சலில் படுத்தார். துறவிகளை அங்கே 'அப்பா' என்றுதான் அழைப்பார்கள்.

படுத்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தித்தோவே, வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு, அப்பா?"

"காய்ச்சல்தான். போன வருஷம் மாதிரி ஏமாத்து இல்ல. நெத்தியில கை வெச்சுப் பாரு."

சீடர் தித்தோவே கை வைத்துப் பார்த்தார். ரொட்டி சுடும் கல்போல் இருந்தது. தித்தோவேக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு பெரிய பண்ணையில் கூலியாளாக இருந்தவர், வரி வசூல்காரனுக்குப் பயந்து இந்தக் குகையில் ஒளிந்துகொள்ள வந்து, அப்படியே தங்கிவிட்டவர்.

அப்பா பாமூனின் வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. படகுக்காரர் மகன். இளமையிலேயே துறவு பூண்டவர். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு காய்ந்த ரொட்டி, கொஞ்சம் உப்பு, தண்ணீர். கை பேரீச்சை ஓலையில் கூடை முடையும், வாய் வேதாகமச் சங்கீதங்களை முணுமுணுக்கும். துறவு பூண்ட நாளிலிருந்து குளித்ததில்லை. இது அவருடைய விரதங்களில் ஒன்று. பக்கத்தில் வாழ்ந்ததால் தித்தோவேயின் விரதங்களிலும் ஒன்றாகிவிட்டது.

"இனிமே எனக்கு ரொட்டி வேண்டாம். தண்ணி போதும். சீக்கிரம் முடிஞ்சிரும். நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார் பெரியவர்.

"இருக்கு அப்பா. மலைக்குப் பின்னாடி மணல்ல குழி. மேல கல்லு வைக்கக் கூடாது. சிலுவை நடக் கூடாது."

"அப்புறம்?"

"அந்த இடம் எனக்கே மறந்து போகணும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். காரணம் இருந்தது. அவருடைய குரு இறந்தபோது ஓர் ஊர்க்காரர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரின் காவலுக்குக் கோயிலில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். முதல் வாரத்தில் தாடி போனது. பிறகு ஒரு கட்டைவிரல் பக்கத்து ஊருக்குப் போனது. அந்த வருடம் முடிவதற்குள் குரு மூன்று ஊர்களில் இருந்தார்.

"கர்த்தர் கூப்பிடற அன்னிக்குச் செத்தவங்க எல்லாரும் சட்டுனு எழுந்து நிப்பாங்க. நான் மட்டும் என் கட்டைவிரலைத் தேடிக்கிட்டு ஊர் ஊரா அலையணுமா?" என்பார் பாமூன்.

முதல் தவறைச் செய்தவர் தித்தோவேதான். உடலைச் சுற்ற நார்த்துணி வேண்டும் என்று நினைத்து, நாணல் படகில் தமோனேக்குப் போய்க் கேட்டார்.

"துணி யாருக்கு?" என்று கேட்டாள் நெசவு வீட்டுக்காரி.

"யாருக்கும் இல்ல."

"எவ்வளவு நீளம்?"

தித்தோவே யோசித்துத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையைக் காட்டினார். பெரியவர் அவரைவிட உயரம். அன்று மாலைக்குள் தமோனே முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலையில், கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் பெஸ்லாவுக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளக் காலம். வயலெல்லாம் தண்ணீர். யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

தமோனேயிலிருந்து ஊர்த் தலைவர் கொல்லூத் முதலில் வந்து சேர்ந்தார். பருத்த ஆள், படகிலிருந்து இறங்கும்போது படகு நிம்மதியாக ஒரு முழம் மேலே வந்தது. அவரோடு பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பானை பருப்புக் கஞ்சி.

"ஆசீர்வாதம் பண்ணுங்க அப்பா. பசியோட வந்திருக்கோம். நீங்க கை வைக்காம நாங்க எப்படிச் சாப்பிடறது?"

பாமூன் கண்ணை மூடிக்கொண்டார். மலையில் வாழும் துறவிகளுக்கு ஒரு விதி உண்டு. விருந்தாளி வந்தால் விரதத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விரதத்தை நாளைக்கும் இருக்கலாம். பசித்து வந்தவரை நாளைக்கு வரச் சொல்ல முடியாது.

"கஞ்சி கொண்டு வந்தது அவங்க. நான் எப்படி விருந்து வைக்கிறவன் ஆவேன்?" என்று பாமூன் தித்தோவேயின் காதில் கேட்டார்.

"குகை உங்களோடது அப்பா."

பெரியவர் பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி குடித்தார். கொல்லூத் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொரு கரண்டி குடித்தார்.

பானை காலியாவதற்குள் பெஸ்லா படகுகள் வந்துவிட்டன. முன் படகில் நின்றுகொண்டு வந்தவள் ஹெராயிஸ். இரண்டு சரக்குப் படகுகளுக்குச் சொந்தக்காரி, விதவை. கொல்லூத் பெண் எடுத்தது பெஸ்லாவில்; அதனால் அந்த ஊரில் பிறந்த நண்டு சிண்டுக்குக்கூட அவர் மாப்பிள்ளைதான்.

"என்ன மாப்பிள்ளை, பருப்புக் கஞ்சியா? சாகப் போற மனுஷனுக்கு அதையா குடுத்தீங்க? அதுக்குப் பயந்தே போயிரப் போறாரு."

"வாங்க மதினி. உங்களுக்கு இங்க என்ன வேலை? உங்க கோயில்லதான் கர்த்தருக்காகச் செத்த தியாகியோட முழங்கை இருக்கே."

"முழங்கைய வெச்சு என்ன பண்றது? முழு ஆள் கிடைக்கும்போது விட முடியுமா?"

"அந்த முழங்கை வந்ததுல இருந்துதான் கால்வாய்த் தண்ணி உங்க பக்கமே சாயுது. எங்களுக்கும் ஒருத்தர் வேணாமா?"

"கால்வாய் சாயறது முழங்கையால இல்ல மாப்பிள்ளை. உங்க ஆளுங்க தூர் வாராததால."

அவள் தேனில் ஊறிய அத்திப்பழத்தையும் கோதுமை ரொட்டியையும் பெரியவர் முன் வைத்தாள். "நாங்களும் விருந்தாளிங்கதானே அப்பா?"

அவர் சாப்பிட்டார். ரொட்டியின் கடைசித் துண்டு அவர் தொண்டையில் இறங்கும்வரை ஹெராயிஸ் நகரவில்லை. இறங்கியதும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எல்லாரும் பாத்துக்கங்க. கடைசிக் கவளம் பெஸ்லாவோடது."

அந்த ஆற்றுப் பக்கத்துப் படகுக்காரர்களின் வழக்கம் இது. படகுக்காரன் எங்கேயாவது அசலூர்த் துறையில் செத்துப்போவான். சொந்தக்காரர்கள் இருக்க மாட்டார்கள். யார் கையால் கடைசியாகச் சாப்பிட்டானோ அவர்கள்தான் அவனுக்குச் சொந்தம். உடலும் அடக்கமும் அவர்கள் பொறுப்பு. மறுத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. பாமூன் படகுக்காரர் மகன் என்பதை ஹெராயிஸ் மறக்கவில்லை. கொல்லூத் மறந்திருந்தார். இப்போது நினைவுக்கு வந்தது.

"அந்தக் கஞ்சி மிச்சம் இருக்கா?" என்று தன் ஆட்களிடம் கேட்டார்.

அன்றிலிருந்து பாமூனுக்குச் சாக நேரமில்லாமல் போயிற்று.

காலையில் தமோனேயின் பருப்பு. அது இறங்கியதும் பெஸ்லாவின் அவித்த அவரை. அதன் மேல் தமோனேயின் பேரீச்சம்பழக் கூழ். பெஸ்லாவின் முள்ளங்கி விதை எண்ணெயில் தோய்த்த ரொட்டி. ஒரு முறை உட்கார்ந்தவர் மறுமுறை விருந்தாளி ஆக மாட்டார் என்று பெரியவர் ஒரு வாதம் எழுப்பிப் பார்த்தார். இரண்டு ஊர்களும் ஒவ்வொரு வேளைக்கும் புது ஆட்களை அனுப்பின. தமோனேயில் ஆள் குறைவு. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களைக்கூட வரவழைத்தார்கள்.

"சாத்தான் சிங்கமா வந்தா விரட்டிருவேன். பாம்பா வந்தாலும் விரட்டுவேன். பானையோட வந்து 'ஆசீர்வாதம் பண்ணுங்க அப்பா'ன்னு நின்னா நான் என்னடா பண்றது?" என்றார் பாமூன்.

"விதி அப்பா. நீங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

"எல்லாத்தையும் மறக்கிற பய, இதை மட்டும் ஞாபகம் வெச்சிருக்கான்."

காய்ச்சல் விட்டுவிட்டது. அவர் அதை மனம் நொந்து அறிவித்தார். யாரும் நம்பவில்லை.

"சாகறதுக்கு முன்னாடி அப்படி ஒரு தெளிவு வரும் அப்பா," என்றார் கொல்லூத் ஆறுதலாக. "எங்க மாமனாருக்கும் வந்துச்சு. எழுந்து நடந்தாரு. கழுதைக்குப் புல்லு போட்டாரு. மறுநாள் போயிட்டாரு."

"நான் சாகலய்யா! எழுந்து போங்கய்யா எல்லாரும்!"

இரண்டு ஊர்களும் கண்ணீர் விட்டன. "எவ்வளவு பணிவு பாரு. தன்னைப் புனிதர்னு ஒத்துக்கவே மாட்டேங்கறாரு," என்றாள் ஒரு கிழவி. அவள் பெஸ்லாவா தமோனேயா என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையில் பெரியவருக்கு உள்ளே பயம் தொடங்கியிருந்தது. இந்தக் கூட்டத்தின் நடுவே கண்ணை மூடினால் தித்தோவேயால் ஒன்றும் செய்ய முடியாது. முன்பு சாவதற்காகச் சாப்பிடாமல் இருந்தார். இப்போது சாகாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் மனம் வைத்தே சாப்பிட்டார். அத்திப்பழம் நன்றாக இருந்தது என்பதையும் பாவமன்னிப்பு ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

கொல்லூத் ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். பெரியவர் கூடை முடைந்துகொண்டிருக்கும்போதே தச்சர் கயிற்றால் தலை முதல் கால் வரை அளந்தார், தோளை அளந்தார், "கொஞ்சம் நேரா உக்காருங்க அப்பா," என்றார். அத்திமரப் பலகையில் நல்ல சவப்பெட்டியாகவே செய்துகொண்டு வந்தார். படகில் அது வருவதைப் பார்த்ததும் பெஸ்லா பக்கம் சலசலப்பு. ஆனால் பெட்டிக்கு மரம் தேடி, அறுத்து, இழைத்து முடிப்பதற்குள் பல வேளைச் சாப்பாடு ஆகியிருந்தது. சும்மா வைத்துப் பார்க்கலாம் என்று பெரியவரின் தோளருகே பெட்டியைப் பிடித்தார்கள். தோள் உள்ளே போகாது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அளவு தப்பு மாப்பிள்ளை," என்றாள் ஹெராயிஸ்.

தச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அளவு தப்பில்ல. ஆள்தான் தப்பு."

அடுத்த மாதமான பாவோபி பிறந்தது. குகை வாசலுக்குக் கீழே தண்ணீரின் கறை தினமும் ஒரு விரல் இறங்கியது. இரண்டு தலைவர்களும் அந்தக் கறையைப் பார்க்கத் தொடங்கினார்கள். சேறு காய்வதற்குள் விதைக்க வேண்டும். சமாதானம் பேசிவிடலாம் என்று குகைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள்.

"தலை எங்களுக்கு," என்றார் கொல்லூத். "எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

"தலைய விட்டா என்ன இருக்கு? சரி, மார்பு, ரெண்டு கை எங்களுக்கு. ஏற்கெனவே இருக்கிற முழங்கையோட சேர்த்து வெச்சுக்கலாம்."

"மூணு கையா? பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"அது உங்களுக்கெதுக்கு மாப்பிள்ளை? கால் ரெண்டும் எடுத்துக்கங்க."

மூலையில் ஓலையை நனைத்துக்கொண்டிருந்த பாமூன் தலையைத் தூக்காமல் சொன்னார்: "இடது காலை எடுக்கிறவங்க யோசிச்சு எடுங்க. குதிகால் வெடிப்பு எந்த மருந்துக்கும் ஆறல."

பேச்சு அதோடு முறிந்தது. இரண்டு பேருக்கும் முழு ஆள்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் ஹெராயிஸ் தன் கையாலேயே சமைத்தாள். தேன் ஊற்றிய கோதுமைக் கூழ், எண்ணெயில் வதக்கிய வெங்காயம், அவரை. நோயாளிக்குத் தடையில்லை என்று ஒரு கிண்ணம் திராட்சை ரசமும் இருந்தது. பாமூன் வாழ்நாளில் பகலில் தூங்கியதில்லை. அன்று சாப்பிட்ட பிறகு, சங்கீதத்தின் நடுவில் வார்த்தை நின்றது. கூடை மடியில் சரிந்தது. தித்தோவே அவரை ஈச்ச மட்டைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, ஓலை வெட்டப் போனார்.

திரும்பி வந்தபோது கட்டிலை நான்கு பெஸ்லா ஆட்கள் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஹெராயிஸ் உதட்டில் விரலை வைத்தபடி நடந்தாள். கடைசிக் கவளம் அவளுடையது. சாவு மட்டும்தான் பாக்கி. அதைப் பெஸ்லாவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"ஐயோ, தூக்கிட்டுப் போறாங்க! அப்பாவை உசுரோட தூக்கிட்டுப் போறாங்க!" என்று தித்தோவே கத்தினார்.

தமோனேக்காரர்கள் நிழலிலிருந்து எழுந்து ஓடி வந்தார்கள். கொல்லூத் ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்க மதினி! திருட்டுத்தனமா இருக்கு!"

"அவரு சாப்பிட்டது எங்க சாப்பாடு! விடுங்க மாப்பிள்ளை, கட்டில் முறியுது!"

"அவர் வயித்துல எங்க பருப்பும் இருக்கு!"

"அது அடியில கெடக்கு!"

இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கட்டில் கிறீச்சிட்டது. பாமூன் கண் விழித்து, தனக்கு மேலே கூரைக்குப் பதில் வானம் இருப்பதைக் கண்டு, தான் இறந்துவிட்டதாகவே முடிவு செய்தார். தித்தோவே பிறகு சொன்னபடி, அவர் முதலில் செய்தது இரண்டு கட்டைவிரல்களையும் தொட்டுப் பார்த்தது. இரண்டும் இருந்தன. அதற்குள் யாரோ ஒருவர் ஈரச் சேற்றில் கால் வைத்துச் சறுக்கினார். அவரைத் தொடர்ந்து எல்லாரும் சறுக்கினார்கள். கட்டிலும் கட்டிலில் இருந்தவரும் கரை தாண்டி வெள்ளத்தில் விழுந்தார்கள்.

அங்கே இரண்டு ஆள் ஆழம். கட்டில் மிதந்தது. பெரியவர் மிதக்கவில்லை.

"அப்பா!" தித்தோவேக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று தலையில் அடித்துக்கொண்டார். பெஸ்லாவில் இரண்டு பேர் குதிக்கத் துணியை அவிழ்த்தார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு வழுக்கைத் தலை மேலே வந்தது. ஒரு கை வந்தது. மறு கை வந்தது. தண்ணீரை அள்ளித் தள்ளிக்கொண்டு, படகுக்காரர் மகன் நீந்தத் தொடங்கினார். நேரே கரைக்கு வரவில்லை; கட்டில் ஓடிக்கொண்டிருந்த பக்கம் போய் அதைப் பிடித்து, ஒரு கையால் இழுத்துக்கொண்டே திரும்பி வந்தார். சரிவில் ஏறி நின்றார். மூச்சு வாங்கவில்லை. அவர் மேலிருந்து வழிந்த தண்ணீர், வெள்ளத்தின் வண்டலைவிடக் கருப்பாக இருந்தது.

பலரும் அன்றுதான் அவருடைய நிறத்தைப் பார்த்தார்கள்.

"நோன்பு போச்சு," என்றார் பாமூன். "தனிமை போச்சு. குளிக்காம இருந்தேன், அதுவும் போச்சு. இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா, எடுத்துக்கறதுக்கு?"

முதலில் சிரித்தவள் ஹெராயிஸ். அவள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள், எழவில்லை. அப்புறம் தமோனேக்காரர்கள், அப்புறம் எல்லாரும். கொல்லூத் மட்டும் பெரியவரின் தோளையும் கையையும் மாடு வாங்க வந்தவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரு சாக மாட்டாரு மதினி," என்றார் கடைசியில்.

"இப்போதைக்கு இல்ல," என்றாள் அவள் கண்ணைத் துடைத்தபடி. "எங்க மேட்டு நிலம் காஞ்சிருச்சு. நாளைக்கு விதைக்கணும்."

"எங்களுக்கும்தான்."

மறுநாள் காலை படகுகள் கிளம்பின. சவப்பெட்டியைத் திரும்பக் கொண்டுபோகக் கொல்லூத் ஆள் விடவில்லை. "இங்கேயே இருக்கட்டும் அப்பா. அடுத்த வெள்ளத்துக்கு வர்றோம். அதுக்குள்ள இளைச்சிருவீங்க."

"அடுத்த வெள்ளத்துக்கா?"

"அப்பத்தானே எங்களுக்கு நேரம் கிடைக்கும்."

படகுகள் மறையும்வரை பாமூன் வாசலில் நின்றார். பிறகு கேட்டார்: "தித்தோவே, நீ பண்ணையில வேலை பாத்தவன்தானே. வருஷத்துல எந்த மாசம் இவங்களுக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது?"

"பர்மூதே, அப்பா. கோதுமை அறுப்பு. பெத்த தாய் செத்தாலும் கட்டு கட்டிட்டுத்தான் அழுவாங்க."

"அதுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"அஞ்சாறு மாசம் இருக்கும்."

பெரியவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, ஓலையைக் கையில் எடுத்தார். "அந்த அத்திப்பழம் மிச்சம் இருந்தா எடு. அது வரைக்கும் நான் சாகக் கூடாது."

அதற்குப் பிறகு அவர் வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஒழுங்காகச் சாப்பிடுவார். வெள்ளத்தோடு இரண்டு ஊர்களும் பானைகளோடு வந்து, அவரைப் பார்த்து, கொஞ்சம் ஏமாந்து, வணங்கிவிட்டுப் போகும். கதிர் முற்றியதும் ரொட்டியைக் குறைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக் காத்திருப்பார். அறுப்பு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "இந்த வருஷமும் இல்ல," என்பார்.

டயோக்ளீசியன் ஆண்டு நூற்று ஐம்பத்தாறு, பர்மூதே மாதத்தில், இரண்டு ஊர்களும் வயலில் இருந்தபோது, அப்பா பாமூன் இறந்தார். தித்தோவே தனியாகவே எல்லாவற்றையும் செய்தார். களத்து வேலை முடிந்து கொல்லூத்தும் ஹெராயிஸும் வந்து, எங்கே புதைத்தாய் என்று கேட்டார்கள்.

"மறந்துட்டேன்," என்றார் தித்தோவே.

கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். பாதி வெங்காயம், தன் கையால் உரித்துக் கொடுத்தது என்றார் தித்தோவே. சவப்பெட்டியைத் தமோனேக்காரர்கள் எடுத்துப் போனார்கள். அதில் இப்போது விதைக் கோதுமை போட்டு வைத்திருக்கிறார்கள்.